யாரும் வாங்காத அறிக்கை

செய்தி வந்தபோது காலை மணி பத்து நாற்பது. மீட்டர்காரர் ஒரு பச்சைக் கேட்டின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் மீட்டரின் கண்ணாடியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் மூன்று எண்களைப் படித்து எழுதியாயிற்று. நான்காவதைப் படிப்பதற்குள் போன் அடித்தது.

"அண்ணே, உங்க தம்பிக்குக் கரண்ட் அடிச்சிருச்சு."

"எப்படி இருக்கான்?"

"நீங்க வாங்கண்ணே" என்றது அந்தக் குரல். அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

தம்பி எலக்ட்ரீஷியன். நாற்பத்தொரு வயது. மூன்றாவது மாடி வீட்டில் விசிறி மாட்ட ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன், இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே கிடந்தான். தெருவே கரண்ட் அடித்ததாகப் பேசிக்கொண்டது. எலக்ட்ரீஷியன் செத்தால் வேறு எதனால் சாவான்? ஆனால் மீட்டர்காரர் கண்ணில் வேறொன்று பட்டது. தம்பியின் பை திறக்கப்படவே இல்லை. டெஸ்டர் சட்டைப் பையில் அப்படியே இருந்தது. வெறும் படிக்கட்டில் எங்கிருந்து கரண்ட் வரும்?

பிரேதப் பரிசோதனை அறிக்கை இருபது நாளில் கிடைக்கும் என்றார்கள். இருபத்தொன்றாம் நாள் காலை அவர்தான் வரிசையில் முதல் ஆள். அறிக்கையைப் படித்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "கரண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதயச் சுவர் ரொம்பத் தடிச்சிருக்கு. இது பெரும்பாலும் பரம்பரையா வர்றது. பாதிப் பேருக்கு வரும், பாதிப் பேரை விட்டுரும். கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் ஸ்கேன் பண்ணிப் பார்த்துடணும். முக்கியமா, ஓடியாடுற பிள்ளைங்க."

ஓடியாடுகிற பிள்ளை என்றதும் அவர் நினைத்தது தம்பி மகளை. அவளுக்குப் பதினாறு வயது. பள்ளியில் நானூறு மீட்டர் ஓட்டக்காரி. "ஊர் மீட்டரெல்லாம் பாக்குறீங்க பெரியப்பா, நான் ஓடுற மீட்டரைப் பாக்க ஒரு நாளாவது வந்தீங்களா?" என்று அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பாள். இன்னும் ஆறு வாரத்தில் அவளுக்குப் பெரிய போட்டி இருந்தது.

முதலில் அவரே ஸ்கேன் எடுத்துக்கொண்டார். ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த நல்ல செய்திதான் வினையாகிப் போனது.

தம்பி மனைவி தையல் கூடத்தில் பொத்தான் துளை போடும் வேலை செய்கிறவள். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் துளை. கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நிதானமாகத்தான் பேசினாள்.

"உங்களுக்கும் அவருக்கும் ஒரே ரத்தம்தானே மாமா? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே. அப்புறம் என்ன பரம்பரை?"

"பாதிப் பேருக்குத்தான் வருமாம்மா."

"நாளைக்கு ஒருத்தர் பொண்ணு கேட்டு வந்தா, இந்தக் குடும்பத்துக்கே இதயம் சரியில்லைன்னு நானே சொல்லணுமா? கரண்ட் அடிச்சதுன்னே இருக்கட்டும். அப்பாவைப் பறிகொடுத்துட்டு அவ ஓடுறது ஒண்ணுதான் செய்யுறா. அதையும் நிறுத்தச் சொல்றீங்களா?" பிறகு அவளே ஒரு வழி சொன்னாள்: "வேற யாருக்காவது இருந்துச்சுன்னு காட்டுங்க. காட்டினா நானே அவ கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறேன்."

அன்று மாலையே அவர் ஒரு நோட்டு வாங்கினார்.

இருபத்தேழு வருட வேலையில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்காரர் சொல்கிற எண்ணை எழுதக் கூடாது. மூடியைத் திறந்து, உள்ளே இருக்கிற எண்ணைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். மூடிக்கடியில் தவளை இருந்தாலும் சரி, கேட்டுக்குப் பின்னால் நாய் நின்றாலும் சரி. உள்ளே போக முடியாவிட்டால் 'பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு, இன்னொரு நாள் வர வேண்டும். நோட்டையும் அப்படியே கோடு போட்டார். ஒரு பக்கம் உறவு, அடுத்து இறந்த வயது, அடுத்து வீட்டில் சொல்வது, கடைசியாகப் பதிவேட்டில் இருப்பது.

அப்பா: அறுபத்திரண்டு. தூக்கத்திலேயே போனார், கொடுத்துவைத்த சாவு என்றார்கள். தாத்தாவின் தம்பி: முப்பத்து மூன்று. கிடங்கில் மூட்டை சுமக்கையில் இடறி விழுந்தார் என்றார்கள். இரண்டு பேருக்கும் நகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் காரணக் கட்டம் காலியாகவே இருந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டிப் புரட்டி விரல் நுனியெல்லாம் பழுப்பேறியதுதான் மிச்சம். அந்தப் புரட்டலில்தான், நாற்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றில், தன் தாத்தாவின் பெயருக்கு நேராக 'மகள், வயது பத்தொன்பது' என்று எழுதியிருந்ததைப் பார்த்தார்.

அவருக்குத் தெரிந்து தாத்தாவுக்கு ஒரே மகள்தான். பெரியத்தை. அவரைப் பெரியத்தை என்று கூப்பிடுவானேன், சின்னத்தை யார் என்று ஐம்பத்து மூன்று வயதுவரை தனக்குத் தோன்றவே இல்லையே என்று அவர் நகராட்சி அலுவலகப் பெஞ்சிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பாட்டியின் தங்கை மகன், குடும்பத்தில் வானொலி என்று பட்டம் வாங்கிய சித்தப்பா ஒருவர் உண்டு; அந்த வீட்டிலேயே வளர்ந்தவர். ஒலிபரப்பு ஆரம்பித்தால் நிற்காது.

"அந்தக் கதையை வெளியில சொல்லக் கூடாதுன்னு உங்க தாத்தா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காருடா" என்றார். "அதனால சுருக்கமாத்தான் சொல்லுவேன்." சுருக்கம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. சாரம் இதுதான்: சின்னவளின் புத்தகத்தில் யாரோ ஒரு பையன் எழுதிய கடிதம் கிடைத்தது. காலையில் வீட்டில் ரகளை. மதியம் அவள் குழாயடியில் வாயில் நுரையோடு கிடந்தாள். "விஷம். வேற என்ன? போலீஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோச்சு. அதுக்கப்புறம் அவ பேச்சை எடுத்தா உங்க தாத்தா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிவாரு. நாங்க சாப்பாட்டைக் காப்பாத்துறதா, பேச்சைக் காப்பாத்துறதா?"

பெரியத்தையிடம் கேட்டபோது பதில் ஒரே வரியில் வந்தது. "தண்ணி பிடிக்கப் போனா, வழுக்கி விழுந்தா. உனக்கு இப்ப எதுக்குடா இதெல்லாம்?" சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனவர் வெளியே வரவில்லை. நோட்டில் மீட்டர்காரர் 'பூட்டியிருந்தது' என்று எழுதினார்.

ஆஸ்பத்திரிப் பதிவறை அடித்தளத்தில் இருந்தது. எழுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாற்பத்தெட்டு வருஷமா? நேத்து வந்த கேஸே இங்க கிடைக்காதுய்யா." பிறகு கண்ணைச் சுருக்கினார். "இருங்க. நீங்கதானே மாசாமாசம் வந்து எங்க நாயைக் கத்த வைக்கிறவரு?"

"இப்பல்லாம் கத்துறதில்லையே. பிஸ்கட் போடுறேன்."

"அதான் அது என்கூடப் பேசுறதையே விட்டுருச்சு" என்றார் எழுத்தர். ஆனாலும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

நான்கு நாள் மதியச் சாப்பாட்டு வேளைகளில் இருவரும் தேடினார்கள். ஐந்தாம் நாள் கிடைத்தது. நீளமான பதிவேடு ஒன்றின் நடுவில், துருப்பிடித்த குண்டூசியோடு, குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டிய மூல அறிக்கையே இருந்தது. மீட்டர்காரர் அதை எண்களைப் படிப்பதுபோல் மெல்லப் படித்தார். இரைப்பையில் விஷப் பொருள் எதுவும் காணப்படவில்லை. இதயத்தின் எடை நானூற்றுத் தொண்ணூறு கிராம். இடப்புறச் சுவர் மிகவும் தடித்துள்ளது. அந்த வயதுப் பெண்ணுக்கு அதில் பாதிதான் இருக்க வேண்டும் என்று மறுநாள் டாக்டரம்மா சொன்னார்.

ஆனால் அப்போது மீட்டர்காரரின் கண் போய் நின்றது பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில். 'பெற்றுக்கொண்டவர் கையொப்பம்.' மேலும் கீழும் எல்லாக் கட்டங்களிலும் கையெழுத்தோ கைநாட்டோ இருந்தது. இந்த ஒன்றில் மட்டும் ஒன்றுமில்லை. உள்ளே விஷம் என்றுதான் எழுதியிருக்கும் என்று தாத்தா நினைத்திருக்க வேண்டும். அதைத் தாளில் பார்க்கப் பயந்து அவர் போகவே இல்லை.

"கையெழுத்துப் போடாம தரமாட்டேன்" என்றார் எழுத்தர். "லேட்டானதுக்கு ஒண்ணும் அபராதம் கிடையாது, போடுங்க."

போட்டார். உறவு என்ற இடத்தில் 'அண்ணன் மகன்' என்று எழுதினார்.

பெரியத்தை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபது வயது. மீட்டர்காரர் அறிக்கையைப் படித்துக் காட்டி முடிக்கும்வரை அத்தை ஒரே துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"விஷம் இல்லையா?"

"இல்ல அத்தை."

"நல்லாப் பாருடா."

"பார்த்துட்டேன். இல்ல."

"அந்தக் கடுதாசியை நான்தான் எடுத்தேன்" என்றார் அத்தை. "நான்தான் அவளை அடிச்சேன். என்னாலதான் செத்தான்னு வீட்டுல எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க, ஆனா வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. என் பொண்ணுக்கு அவ பேரை வைக்கலாம்னு பார்த்தேன், விடலை." துண்டைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தானேடா இருந்துச்சு. அப்பா ஏன் போய் வாங்கலை?"

மீட்டர்காரர் அந்தத் துண்டை எடுத்து மடித்து அடுக்கில் வைத்தார்.

"நான் அடிச்சதுல அந்த இதயம் நின்னுருக்குமா?"

"அப்படி ஒண்ணும் இதுல போடலை அத்தை" என்றார். அது உண்மைதான். அப்படி இல்லை என்றும் அதில் போடவில்லை. அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார். "உன் தம்பி பொண்ணோட அம்மா எங்க இருப்பா இப்ப? என்னைக் கூட்டிட்டுப் போ."

தையல் கூடத்தின் வாசலில், இயந்திர இரைச்சலுக்கு நடுவே, நாற்பத்தெட்டு வருடம் யாரிடமும் பேசாததைப் பெரியத்தை தம்பி மனைவியிடம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அறிக்கையை வாங்கிப் படித்தாள். "பத்தொம்பது வயசா?" என்றாள். அறிக்கையைத் திருப்பிக் கொடுக்கையில் மறுபடியும், "பத்தொம்பதா?" என்றாள். மறுநாள் லீவு போட்டாள்.

ஸ்கேனில் மகளுக்கும் இதயச் சுவர் தடித்திருந்தது. பத்து மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது. மாத்திரை எழுதிக் கொடுத்து, இனி ஓடவே கூடாது என்றார்கள். தேவைப்பட்டால் நெஞ்சுக்குள் ஒரு கருவி பொருத்தலாம் என்றார்கள். நேரத்தோடு கூட்டிவந்தீர்கள் என்று மீட்டர்காரரின் கையைப் பிடித்துப் பாராட்டினார் டாக்டரம்மா. போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"நீங்க தேடாம இருந்திருந்தா, நான் பாட்டுக்கு ஓடியிருப்பேன்ல பெரியப்பா?"

"ஆமாம்மா."

"எத்தனை நாள் ஓடியிருப்பேன்?"

அதை எந்தப் பதிவேட்டில் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் அம்மா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஸ்கேன் உறையை மடியில் வைத்து, அதன் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே வந்தாள். அன்றைக்குப் பிறகு அந்தப் பெண் அவரைச் சீண்டுவதில்லை. பார்த்தால் மரியாதையாக எழுந்து நிற்கிறாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

மூட்டை சுமந்து விழுந்த தாத்தாவின் தம்பி வழியில் மொத்தம் எட்டு வீடு என்று வானொலிச் சித்தப்பா விலாசம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் மீட்டர்காரர் ஒவ்வொன்றாகப் போனார். ஒரு வீட்டில் டீ கொடுத்து அழுதார்கள். ஒரு வீட்டில், "உங்க வீட்டு நோயை எங்க வீட்டுக்குக் கொண்டு வராதீங்க" என்று வாசலோடு அனுப்பினார்கள். ஆனால் அந்த வீட்டு மருமகள் பின்னாலேயே ஓடிவந்து டாக்டரம்மாவின் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டாள். அப்படியாக ஏழு வீடு முடிந்தது.

எட்டாவது வீட்டில் வளர்ந்த பையன்கள் மூன்று பேர் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எப்போது வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வீட்டுக்கு நேராக மூன்று தேதிகள் எழுதியிருக்கின்றன. மூன்றுக்கும் எதிரே 'பூட்டியிருந்தது' என்றிருக்கிறது.