கணுக்காலில் கட்டிய உறை

துப்பாக்கியை நான் கையால் தொட்டதுகூடக் கிடையாது. ஆனாலும் கைத்துப்பாக்கியைக் கணுக்காலில் கட்டிக்கொள்ளும் தோல் உறை ஒன்றை சவூதியில் ஜுபைல் கடைத்தெருவில் தேடிப் பிடித்து வாங்கியவன் நான். சிரிக்காதீர்கள். ஊரில் அப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை நடக்கும்போது லீவா? "மாஃபி" என்று அரபியில் ஒரே சொல்லில் இல்லையென்றுவிட்டார்கள். பிளான்ட்டுக்குள் போனும் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் பாக்கெட்டையும் இடுப்பையும் தடவிப் பார்ப்பார்கள், காலைத் தொட மாட்டார்கள். அப்பா கண் விழித்தால் உடனே கூப்பிடுவதாகத் தங்கை சொல்லியிருந்தாள். அவர் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

யோசனை என் ரூம்மேட்டுடையது. சிவகங்கைப் பக்கத்துக்காரன், வாயைத் திறந்தால் கேலிதான். போலீஸ்காரர்களுக்கு பெல்ட், பூட்ஸ் விற்கும் கடைக்கு என்னை இழுத்துப் போனான். "இனிமே ஒங்ககிட்ட வம்பு வச்சுக்க முடியாதுண்ணே" என்றான்.

கடைக்காரர் பெஷாவர்காரர். எந்த சைஸ் பிஸ்டல் என்று இந்தியில் கேட்டார். என் சின்ன பட்டன் போனை எடுத்து நீட்டினேன். மேலும் கீழும் பார்த்தவர், இரண்டு தோல் உறைகளை எடுத்து வைத்தார். ஒன்று வாய் திறந்தே இருப்பது, கையை வைத்தால் சாமான் கைக்கு வந்துவிடும். மற்றதில் குறுக்கே வார் போட்டுக் கொக்கி மாட்ட வேண்டும். "சட்டுனு எடுக்கணுமா, கீழ விழாம இருக்கணுமா? ரெண்டும் சேர்ந்து கிடைக்காது பாய்" என்றார்.

சாரத்தில் ஏறி வேலை பார்க்கிறவனுக்கு விழாததுதானே வேண்டும்? கடைக்குள்ளேயே அதைக் கட்டிக்கொண்டு குந்தினேன், குதித்தேன், ஸ்டூலில் ஏறி இறங்கினேன். போன் அசையவில்லை. பெரிய கெட்டிக்காரன் மாதிரி அதையே வாங்கி வந்தேன், மடையன்.

அடுத்த வாரம், உச்சி வெயில். சாரத்தில் நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது கால் எலும்பில் போன் அதிர்ந்தது. கீழே சேஃப்டி ஆபீசர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அதிர்வு நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் குனிந்து பேன்ட்டைச் சுருட்டினேன். கையுறையைப் பல்லால் கடித்து உருவினேன். வியர்வையில் ஊறிய வார் கொக்கியை விட்டு வரமாட்டேன் என்றது. இழுத்ததில் நகம் பிய்ந்தது. என் அப்பனே, அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. "யல்லா, யல்லா!" என்று கீழே ஆபீசர் அவசரப்படுத்திக் கத்தினார். நிமிர்ந்து ஸ்பேனரை எடுத்தேன். அதிர்ந்துகொண்டே இருந்தது, பிறகு அடங்கிவிட்டது.

சாயங்காலம் கேம்ப்புக்கு வந்து கூப்பிட்டேன். அப்பா மதியமே போய்விட்டார்.

"முழிச்சதும் ஒன்னத்தாண்ணே கேட்டாரு" என்றாள் தங்கை. "போனை அவரு காதுலயே வச்சிருந்தோம். மணி அடிக்க அடிக்க, 'எடுப்பான், எடுப்பான்'னு சொல்லிக்கிட்டே இருந்தாருண்ணே."