சகலை நீட்டாத கை

துடியலூர் அமிர்தநாதன் தன் சகலை கிளமென்டுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். பட்டறைக்கு முதல் லேத் மெஷின் வாங்கக் கேட்ட பணம். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, வட்டியும் பேசவில்லை. கிளமென்ட் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, சட்டைப் பைக்குள் கையை விடுவதும் எடுப்பதுமாக, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மழை பெய்யாததைப் பற்றி வெகுநேரம் பேசி, கடைசியில் வாய்விட்டுக் கேட்டு வாங்கியது. முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது.

அப்புறம் திருப்பித் தரவில்லையா என்று கேட்பீர்கள். சங்கதியே அங்கேதான் இருக்கிறது. இரண்டே வருஷத்தில் அமிர்தநாதன் ஒன்பதாயிரத்தையும் புது நோட்டாக மாற்றிக்கொண்டு போய் நின்றார். கிளமென்ட் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இருக்கட்டுங்க தம்பி. நமக்குள்ள என்னங்க கணக்கு?”

எவ்வளவு பெரிய மனசு என்று சொந்தபந்தம் எல்லாம் மெச்சிக்கொண்டது. அன்றிலிருந்து எந்த வீட்டு விசேஷமானாலும் பந்தியில் உட்கார்ந்ததும் கிளமென்ட் பக்கத்து இலைக்காரரிடம் மெதுவாக ஆரம்பித்துவிடுவார். “தம்பி இன்னிக்குப் பட்டறை வெச்சுப் பத்துப் பேருக்குச் சோறு போடறாரு, ரொம்பச் சந்தோசமுங்க. அந்த மொத லேத்து நாம குடுத்த காசுங்க.” ரசம் வருவதற்குள் கதை முடிந்திருக்கும். அமிர்தநாதன் மோருக்கு நிற்காமல் இலையை மடித்துவிடுவார்.

ஒரு தடவை தந்திரமாக அடைக்கப் பார்த்தார். கிளமென்ட் மகள் கல்யாணத்தில் ஒன்பதாயிரத்தையும் மொய்க் கவரில் வைத்துக் கொடுத்துவிட்டு, தோளிலிருந்து மூட்டை இறங்கிய மாதிரி வீட்டுக்கு வந்தார். மொய் என்றால் திரும்பி வரும் என்பது அந்த நேரத்துக்கு அவர் புத்தியில் ஏறவில்லை. அடுத்த வருஷமே அமிர்தநாதன் மகன் கல்யாணம். கிளமென்ட் மேடை ஏறிச் சிரித்துக்கொண்டே பத்தாயிரம் வைத்தார். பழைய கடன் அப்படியே நின்றது, மேற்கொண்டு மொய்க் கணக்கில் ஆயிரம் ஏறிக்கொண்டதுதான் மிச்சம்.

அமிர்தநாதன் லேசுப்பட்ட ஆள் இல்லை. படித்தது ஆறாவது. பதிமூன்று வயதில் ஃபவுண்டரியில் மண் சலிக்கப் போனவர். கடைசல் பிடிக்கும் டர்னராகி, பழைய லேத் ஒன்றைத் தகரக் கொட்டகையில் நிறுத்தி, பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்து, இன்றைக்கு மூன்று சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறார். துடியலூரில் இறங்கி யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பட்டறைக்கு வழி சொல்வார்கள். கிளமென்ட் பேங்க் மேனேஜராக ரிட்டயர் ஆனவர். அவர் பென்ஷனைப் போல் நாலு மடங்கு அமிர்தநாதனுக்கு மாதம் வருகிறது. இருந்தும் சபையில் கிறிஸ்துமஸ் அன்றைக்கு இங்கிலீஷில் வேதம் வாசிக்கக் கூப்பிடுவது கிளமென்டைத்தான். மாமியார் இருந்தவரை கோழிக்காலை முதலில் வைத்ததும் மூத்த மருமகன் இலையில்தான். எழுபது வயதில் அந்த மனுஷனுக்குத் தலை நிறைய முடி வேறு. அமிர்தநாதனுக்கு நாற்பதிலேயே போய்விட்டது. இதற்கெல்லாம் யாரிடம் போய் வழக்குச் சொல்வது?

கொரோனா அடங்கிய மறுவருஷம் சபையிலிருந்து நாற்பது பேர் எருசலேம் யாத்திரை கிளம்பினார்கள். போய்வந்தவர்கள் தங்கள் பேருக்குப் பின்னால் ஜெ.பி. என்று போட்டுக்கொள்வது நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குள் வழக்கம். ஜெருசலேம் பில்கிரிம் என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையிலும் வாசல் பலகையிலும் அந்த இரண்டு எழுத்து இருந்தால் அதற்குத் தனி மரியாதை. அமிர்தநாதன் விமானம் ஏறுவதற்கு முன்பே கறுப்புக் கிரானைட்டில் பேரையும் ஜெ.பி.யையும் பொன் எழுத்தில் வெட்டச் சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். படிப்பில்லாமல் வருகிற ஒரே பட்டம் ஆயிற்றே. ஆனால் அதே விமானத்தில், அதுவும் ஜன்னல் ஓரமாக, கிளமென்டும் இருந்தார்.

எருசலேம், பெத்லகேம், கலிலேயாக் கடல் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. திரும்புகிற வழியில் ஜோர்டான் நாட்டு அம்மான் நகரத்தில் ஒருநாள் ஓய்வு. முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது கிளமென்ட் தன் மனைவி சாராவைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“நாளைக்கு நானும் சாராவும் தனியாக் கார் வெச்சுட்டுப் பெட்ரா போய்ட்டு வந்துரலாம்னு இருக்கறமுங்க. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின ஊரு. பாலைவனத்துக்கு நடுவால மலையவே கொடஞ்சு கட்டியிருக்கறாங்க.”

மேசையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். போதகர்கூட “நமக்குக் குடுத்து வெக்கலீங்க” என்றார். அமிர்தநாதன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் போட்டார். ஜெ.பி. இரண்டு பேருக்கும் சமம். ஊருக்குப் போனதும் இந்த மனுஷன் சபையில் எழுந்து, எருசலேமுக்கு மேலே ஒரு ஊர் பார்த்தோம் என்பார். கிரானைட்டில் அதற்கு எதை வெட்டுவது?

“நீங்களும் வாங்க தம்பி. கார்ல எடமிருக்குது. கார்டுல பாதி கட்டிப்போட்டனுங்க. மிச்சம் நாளைக்கு. நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம்.”

ஒண்ணும் குடுக்க வேண்டாம் என்ற அந்த வார்த்தை! “இல்லீங்ணா, நானும் ஒரு வண்டி சொல்லிப்போட்டனுங்க” என்றார் அமிர்தநாதன். சொல்லியிருக்கவில்லை. சாப்பிட்ட கையோடு ரிசப்ஷனுக்கு ஓடி, இருக்கிறதிலேயே பெரிய வேனாகக் காட்டி, “திஸ் ஒன்” என்றார். ஏழு பேர் காலை நீட்டி உட்காரலாம். முழுப் பணத்தையும் பனியனின் உள்பையிலிருந்து எண்ணி வைத்தார். கிளம்புவதற்கு முன்னால் மனைவி ஜெயக்கொடி தைத்துக் கொடுத்த பை அது. ஊரில் கிராஸ்கட் ரோட்டுக் கடையில் ஜோர்டான் தினாருக்கு நூற்றிருபது ரூபாய் வீதம் மாற்றிய நோட்டு அதற்குள் இருந்தது.

பின்னால் வந்து நின்று பார்த்த கிளமென்ட் சிரித்தார். “இந்தக் காலத்துல பனியனுக்குள்ள பணமுங்களா தம்பி? எல்லாம் கார்டுதானுங்க.”

காலையில் ஓட்டல் வாசலில் வேனும் பக்கத்தில் கிளமென்டின் சின்னக் காரும் வந்து நின்றன. அமிர்தநாதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேன் கதவைத் திறந்தார். அவருக்கு முன்னால் ஜெயக்கொடி ஏறினாள், அவள் பின்னாலேயே அக்கா சாராவும் ஏறினாள்.

“நாங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா இதுல வாரமுங்க” என்றாள் ஜெயக்கொடி. “நீங்க அத்தான்கூட அந்தக் கார்ல போங்க. அக்காவும் நானும் பேசி எத்தன நாளாச்சு.”

“ஏனம்மிணி, வண்டி புடிச்சது நானு!”

“அதுக்குத்தான் உங்க பொண்டாட்டிய ஏத்தியிருக்குதுங்களே” என்றாள் சாரா. கதவு மூடிக்கொண்டது.

ஆக, காசு கொட்டிப் பிடித்த வண்டி முன்னால் போக, அமிர்தநாதன் சகலை பிடித்த காரிலேயே உட்கார்ந்து போனார். ஓட்டியவர் பெயர் தாரிக். முப்பது வயது, நல்ல மனுஷன். கிளமென்ட் அவரோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்தார். வெளியே மரம் இல்லை, மட்டை இல்லை. காய்ந்த மண்ணும் மின்கம்பமும்தான். நடுவில் தாரிக் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைக் காட்டி, “யுவர் பிரதர்?” என்றார். கிளமென்ட் தலையை ஆட்டிவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். அமிர்தநாதனுக்கு அதில் இரண்டு வார்த்தை விளங்கியது. லேத். நைன் தவுசண்ட்.

தாரிக் மார்பில் கை வைத்து, “யூ குட் மேன்” என்றார்.

துடியலூர்ப் பந்தியில் சொன்னார், சரி. உக்கடத்துக் கல்யாணத்தில் சொன்னார், அதுவும் சரி. கடல் தாண்டிப் பாலைவனத்துக்கு வந்தும் அந்த லேத் ஓடிக்கொண்டே இருந்தது. அமிர்தநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்ராவைப் பற்றிச் சும்மா சொல்லக் கூடாது. இரண்டு பக்கமும் செவ்வரளி நிறத்தில் மலை வானத்துக்கு நிற்கிறது, நடுவில் ஒரு சந்து. பெண்கள் இரண்டு பேரும் பேட்டரி வண்டியில் கையசைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆண்கள் நடந்தார்கள். கிளமென்ட் பலகை பலகையாக நின்று வாசித்து, இன்ன ராஜா, இன்ன வருஷம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள்கூட அவரிடம் சந்தேகம் கேட்டார்கள். அதற்கும் அமிர்தநாதனுக்கு எரிந்தது.

சந்து முடிகிற இடத்தில், கதவைச் சற்றே திறந்த மாதிரி, அந்த முகப்பு தெரிந்தது. தூணும் வளைவும் சிலையுமாக ஒரே மலையில் வெட்டியது.  அமிர்தநாதன் கிட்டே போய், கயிறு கட்டியிருந்த இடம் வரை எட்டி எட்டிப் பார்த்தார்.

“என்னங்க தம்பி தேடறீங்க?”

“செஞ்சவன் பேரு எங்கீங்ணா?”

“யாருன்னே தெரியாதாமுங்க.”

அமிர்தநாதனுக்குச் செத்துப்போன அந்தக் கல்தச்சன்மேல் பொறாமை வந்தது. பேரை வெட்டாமலே இரண்டாயிரம் வருஷமாக ஊர் உலகத்தை வரவழைத்துக்கொண்டிருக்கிறான். துடியலூரில் தனக்காகக் காத்திருக்கும் பொன் எழுத்து நினைவுக்கு வந்து, சட்டென்று கொஞ்சம் சிறுத்துப்போன மாதிரி இருந்தது. அந்த நினைப்பை உடனே துடைத்துப்போட்டார். அவனுக்கு ராஜா கூலி கொடுத்திருப்பான். தனக்கு யார் கொடுத்தார்கள்? கொடுத்த ஒரே ஆள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்தபோது பெண்கள் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். அம்மானில் கடை மூடுவதற்குள் ஊருக்கெல்லாம் சவக்கடல் சோப்பு வாங்க வேண்டுமாம். ஆண்கள் கால் கடுக்க நடந்து கார் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். தாரிக் மரியாதையாக மிச்சத் தொகையைக் கேட்டார், திரும்புவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும் என்பது அவர் முதலாளி உத்தரவாம். எண்பது தினார்.

கிளமென்ட் கார்டை நீட்டினார். தாரிக்கின் மெஷின் கீச்சென்றது, பணம் போகவில்லை. மறுபடி வைத்தார், போகவில்லை. பக்கத்து ஏ.டி.எம்.முக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். கையிலிருந்த ரொக்கம் எல்லாம் நுழைவுச் சீட்டுக்கே சரியாகப் போயிருந்தது.

“வெளிநாட்டு லிமிட்டு தீந்துபோச்சாட்ட இருக்குதுங்க. போன்லயே ஏத்திக்கலாம். ஆனா அதுக்கு ஓ.டி.பி. நம்மூர் நம்பருக்குத்தான் வரும்.”

“அந்த சிம்மு எங்கீங்ணா?”

“ரோமிங் காசு எதுக்குன்னு ஊட்டு பீரோவுல வெச்சுட்டு வந்துட்டனுங்க.”

 அமிர்தநாதனுக்கு நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு பனியன் பை கதகதவென்று இருந்தது. தாரிக் டயரைப் பார்க்கிற மாதிரி நகர்ந்துகொண்டார். கிளமென்ட் சட்டைப் பைக்குள் கையை விட்டார், எடுத்தார். மறுபடி விட்டார். மலையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் மழையே இல்லீங்களாட்ட இருக்குதுங்க தம்பி.”

அமிர்தநாதனுக்குச் சுருக்கென்றது. இந்தப் பேச்சு அவருக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று பேசிய அதே பேச்சு. இன்னும் பேசட்டும், மழை முடிந்து விளைச்சல், விளைச்சல் முடிந்து விலைவாசி என்று எல்லாம் பேசட்டும் என்று ஒரு மனசு சொன்னது. சொன்னபடியே கொஞ்சநேரம் நிற்கவும் நின்றார். கிளமென்டின் அடர்ந்த முடிக்குக் கீழே வேர்வை இறங்கியது.

“தம்பி, உங்ககிட்ட… ரொக்கம் ஏதாச்சும்…”

“எவ்வளவுங்ணா?”

“எண்பது. தாரிக் கையிலயே குடுத்துருங்களேன். ஊருக்குப் போனதும் குடுத்துப்போடறனுங்க.”

“அவருக்கு எதுக்குங்க நான் குடுக்கோணும்? வண்டி புடிச்சது நீங்க. கையை நீட்டுங்க.”

“யாருகிட்டக் குடுத்தா என்னங்க?”

“நீட்டுங்ணா. முப்பது வருசமாக் கேக்கறனுங்க.”

கிளமென்டுக்கு அப்போதுதான் பிடிபட்டது. கை தன்பாட்டுக்கு முதுகுப் பக்கம் போகப் பார்த்தது. தாரிக் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி வழி போன கை திரும்பி வந்தது. விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்து உள்ளங்கை மேலே திறந்தது. பேனா பிடித்தே வழவழத்த கை. அமிர்தநாதன் அதை இத்தனை வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறார்.

சட்டைப் பொத்தானைக் கழற்றி, பனியன் பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்தார். எச்சில் தொட்டார்.

“இருபது. நாப்பது. அறுபது. இது பத்து, எழுபது. இது அஞ்சு. எழுபத்தஞ்சு தினாருங்க. நூத்திருபதால பெருக்கிக்குங்க, நீங்க பேங்க்காரரு. ஒம்பதாயிரம். அந்த மொத லேத்து இனி என்னுதுங்க.”

கிளமென்ட் தோற்ற முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்தார். “அப்ப வட்டிங்க தம்பி?”

“வட்டியத்தான் பந்திக்குப் பந்தி வசூல் பண்ணிப்போட்டீங்களேங்ணா. இன்னிக்குக் காலைல தாரிக்கிட்டக்கூட வாங்குனீங்க.”

 கிளமென்டின் கை நீட்டியபடியே நின்றது. “இன்னும் அஞ்சு கொறையுதுங்களே” என்றார் மெதுவாக.

“தெரியுமுங்க.” அமிர்தநாதன் கட்டிலிருந்து இன்னொரு ஐந்து தினார் நோட்டை உருவினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இது கடனுங்க.”

“ஊருக்குப் போனதும் மொத வேலையாக் குடுத்துப்போடறேன்.”

“இருக்கட்டுங்ணா” என்றார் அமிர்தநாதன். “நமக்குள்ள என்னங்க கணக்கு?”

சொல்லிக்கொண்டே அந்த ஐந்தை, மற்ற நோட்டுகளுக்கு மேலே, திறந்திருந்த உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.