ஆர்மோனியக் கால்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் இருந்தது கால் ஆர்மோனியம். இரண்டு மிதியையும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் காற்றுப் போய்ப் பாட்டு படுத்துவிடும். சின்ன வயதிலிருந்து அதைத்தான் வாசித்தேன். பாட்டு எனக்குக் கையைவிடக் காலில்தான் அதிகம் இருந்தது.

பலாங்கொடையில் வீடு மாறிய ஒரு குடும்பம், தூக்கிப் போக முடியாமல் தங்கள் பியானோவைக் கோயிலுக்குக் கொடுத்தது. லொறியிலிருந்து இறக்கிய அன்றே உட்கார்ந்துவிட்டேன். வலது பெடலை மிதித்தால் விரலை எடுத்த பிறகும் சத்தம் நீண்டுகொண்டே இருந்தது. விடுவேனா? பழக்கதோஷத்தில் மிதி மிதியென்று மிதித்தேன். பாதிச் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பின, மீதி வெட்டு வெட்டாக அறுந்தன.

பாட்டுக் குழுவில் நின்ற என் அக்கா திரும்பினாள். "ஏன்டி, மிஷின்ல பிளவுஸ் தைக்கிறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதர் சிரிக்கவில்லை. "பாட்டு வார்த்தையே கேக்கலம்மா. கிறிஸ்மஸ் பூசைக்குள்ள சரிவரலன்னா ஆர்மோனியமே போதும். இத டவுன் கோயிலுக்குக் குடுத்துருவோம்."



அடுத்த நாள் ஸ்கூல் விட்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன", முன்னுக்குப் போ என்று சிங்களத்தில் நெருக்கியதில் டிரைவர் பக்கத்திலேயே போய் நின்றேன். ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு கியர் மாறியது. அவருடைய இடது கால் மட்டும் என் கண்ணில் பட்டது. ஓயாமல் மிதிக்கவில்லை அது. சும்மா இருந்தது, கியர் மாறும்போது மட்டும் கிளட்சில் இறங்கி ஏறியது. நான் அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதானே. மிதித்தபடியே இருக்க வேண்டும். அடுத்த சுரக்கூட்டுக்குக் கை விழும்போது காலை எடுத்து, சத்தம் வந்ததும் மறுபடி மிதிக்க வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கோயிலுக்கு ஓடினேன். வலது கால் சீக்கிரம் படிந்துவிட்டது. இடது கால்தான் ஆர்மோனிய மிதியைத் தேடித் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அது தட்டத் தட்ட வலதும் கூடவே ஆடியது. அக்கா வந்து பார்த்தாள், என் இடது காலை ஏறி மிதித்துக்கொண்டு நின்றாள்.

"இது சும்மா கெடக்கட்டும். நீ வாசி."

கிறிஸ்மஸ் பூசையிலும் அவள் குழுவோடு நிற்கவில்லை. பியானோ பக்கத்தில், என் கால்மேல் நின்றுதான் பாடினாள். பூசை முடிந்து ஃபாதர் வந்தார். "வார்த்தையெல்லாம் கேட்டுச்சு. பியானோ இங்கயே இருக்கட்டும்."

இப்போது எனக்குக் கொழும்பில் வேலை. அறையில் ஒரு கீபோர்ட், வயரில் தொங்கும் பெடல். வாசிக்க உட்கார்ந்தால் இடது கால் இன்னும் தரையைத் தட்டுகிறது. கொடகவெலவுக்குக் கல்யாணம் கட்டிப் போன அக்காவிடம் போனில் சொன்னேன்.

"பஸ் ஏறி வந்து மிதிக்கவா?" என்றாள்.