பை மிதக்கட்டும்

வேகத்தடை என் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே டிரைவரின் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழுந்துவிடுகிறது. முன்சக்கரம் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். பின்சக்கரம் இறங்கியதும்தான் விடுகிறார். பின்னால் வந்த லாரிக்காரர் எங்களைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி, அச்சில் ஏற்ற முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். இவர் பதிலுக்குக் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

வண்டியின் பின்பக்கம் முழுக்க இறால் குஞ்சுகள். ஒவ்வொன்றும் கண்ணிமை மயிர் அளவுதான். பொரிப்பகத்தில் தண்ணீரும் ஆக்சிஜனும் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் விட்டு, பெட்டிகளில் அடுக்கி ஏற்றுகிறார்கள். பண்ணைக் குட்டைகளில் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர் வேலை. ஹாரன் அடிக்க மாட்டார், பாட்டுப் போட மாட்டார், திடீரென்று பிரேக் போடுவதைப் பாவம் என்று நினைக்கிறார்.

"குஞ்சுக்குக் காது கேக்குமா என்ன?" என்றேன்.

"அது தெரியாது சார். நம்மகிட்ட ஹாரன் இருக்குங்கிறதுக்காக அடிக்கணுமா?"

பண்ணைக்காரர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஊர்வலம்'. "ஊர்வலம் கிளம்பிடுச்சா? அப்போ ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன்" என்று போனில் பேசிக்கொள்வார்களாம். அவரே சொல்லி, அவரே சிரிக்கிறார்.

கட்டையான ஆள். முன்பக்கம் வழுக்கை. இடது மணிக்கட்டில் தோல் தெரியாத அளவுக்கு ரப்பர் பேண்டுகள். பைகளின் வாயைக் கட்டியிருக்கும் ரப்பர் பேண்டை மற்றவர்கள் குட்டைக்கரையில் வீசிவிட்டுப் போவார்கள். இவருக்கு மனசு வராது. கழற்றிக் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்வார். வீட்டில் சர்க்கரைப் பொட்டலம் முதல் ஓட்டை ரிமோட் வரை எல்லாம் ரப்பர் பேண்டின் தயவில்தான் நிற்கிறது. "கைக்கு ரத்தம் போகுதான்னு ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கன்னு வீட்ல சொல்றாங்க சார்."

சாலையின் இருபக்கமும் குட்டைகள். முன்பு ஒருமுறை நான் இந்த வழியாக வந்தபோது உப்புப் பூத்த தரிசும் முள்ளும்தான் இருந்தன. இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுரம் சதுரமாகத் தண்ணீர். காற்றூட்டும் சக்கரங்கள் நுரை கக்கிக்கொண்டு சுற்றுகின்றன. தீவனக் கடை, ஐஸ் ஆலை, தண்ணீர் சோதிக்கும் கூடம், ஷிப்டு முறையில் ஓடும் இறால் ஆலை. கடலில் காலே வைக்காதவர்கள்கூட கடல் சரக்கைக் கப்பல் ஏற்றுகிறார்கள். எல்லாருக்கும் தலைபோகிற அவசரம். இந்த வளர்ச்சியைப் பற்றி எழுதலாம் என்று வந்த நான், அந்த வட்டாரத்திலேயே அவசரப்படாத ஒரே மனிதரின் வண்டியில் வந்து மாட்டிக்கொண்டேன்.

ஜன்னலோரம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே பத்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்த தலைமுடி காற்றில் பறந்து பறந்து என் மூக்கில் நுழைந்தது. நான் தும்மியதைப் பார்த்து இவர், "பாப்பா, ரப்பர் பேண்டு வேணுமா?" என்று மணிக்கட்டை நீட்டினார்.

"வேணாம்."

சற்றுத் தூரம் போனதும் அவளே, "பங்க் வருது. டீசல் போடணும்னு சொன்னீங்க" என்றாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்பா இல்லை, மாமா இல்லை, அங்கிள்கூட இல்லை. கூப்பிடாமலே பேசி முடிக்கக் கற்றுவைத்திருந்தாள்.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலாளி கரையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். "அவுத்து விடுய்யா, வெயில் ஏறுது!"

"பை மிதக்கட்டும் முதலாளி."

பைகளைக் கட்டு அவிழ்க்காமல் அப்படியே குட்டையில் மிதக்கவிட்டார். உள்ளே இருக்கும் தண்ணீரின் குளிர்ச்சியும் குட்டையின் வெதுவெதுப்பும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். பிறகு பையின் வாயைத் திறந்து குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். கடைசியில்தான் குஞ்சுகளை விட வேண்டும். முதலாளிக்கும் இது தெரியும். தெரிந்து என்ன, பொறுமை வேண்டுமே!

அந்தப் பெண் வரப்பில் தூரமாக நடந்து போய்விட்டாள். இவர் கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேலைக்கு வந்த புதுசுல ஒருத்தர் விரட்டினாருன்னு மிதக்க விடாமலே அவுத்து விட்டுட்டேன் சார். ஜோரா ஓடுச்சுங்க. அதப் பாத்துத்தான் ஏமாந்தேன். மறுநாள் காலைல வந்து பாத்தா ஓரம் பூரா வெள்ளையா ஒதுங்கிக் கிடக்கு."

"அப்புறம் அந்தத் தப்பைச் செய்யலையே?"

"செஞ்சேன் சார். வீட்ல." வரப்பைக் காட்டினார்.

மனைவி இறால் ஆலையில் உரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். கணவரை இழந்தவர். போன வருஷம் இவர் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய மகள்தான் இந்தப் பெண். இத்தனை நாளும் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவள், பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்திருக்கிறாள். தாய் காலை ஷிப்டுக்குப் போய்விடுவதால், வீட்டில் தனியாக விடாமல் இவர் வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்.

"வந்து பையைக்கூட இறக்கி வைக்கல சார் அவ. ஆசையில 'இனிமே நான்தான் உனக்கு அப்பா'ன்னு சொல்லிட்டேன். அப்படியே கொல்லைப்பக்கம் போனவதான். ராத்திரி சாப்பிடக்கூட வரல. குஞ்சுக்குக் காட்டத் தெரிஞ்ச பொறுமை புள்ளைகிட்ட காட்டத் தெரியல பாருங்க."

அதற்குப் பிறகு, ரப்பர் பேண்டு வேணுமா என்பதற்கு மேல் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லையாம். வண்டியில் ஏற்றுகிறார், இறக்குகிறார், அவ்வளவுதான்.

"திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது. இங்கயும் எடம் சொல்லி வச்சிருக்கோம், அங்கயும் பேரு இருக்கு. ஞாயித்துக்கிழமை அவ மாமா வந்து 'வர்றியா, இருக்கியா'ன்னு கேப்பாரு. அவ இஷ்டம்தான்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே?"

"கேட்டா சொல்லிடுவா சார். அதான் பயம்."

இரண்டு குழந்தைகளைப் பெற்று, நினைத்ததையெல்லாம் கேட்டு, கேட்டதற்கெல்லாம் பதிலும் வாங்கியவன் நான். அவருக்கு யோசனை சொல்லக்கூட வாயெடுத்துவிட்டேன். நல்லவேளை, முதலாளி கத்தினார்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். ஒரு கையைக் குட்டையில் வைத்தார், மறு கையைப் பையின்மேல் வைத்தார். தலையை ஆட்டினார். முதல் பையின் ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி அள்ளிப் பைக்குள் விட்டார். ஒன்றிரண்டு பைகள் ஆனதும் வரப்பிலிருந்து அந்தப் பெண் வந்து கரையோரம் குந்தினாள். காற்றுக்கு முடி முகமெல்லாம் விழுந்தது. ஒதுக்கினாள், மறுபடியும் விழுந்தது. இவர் கண்டும் காணாதவர்போல் அடுத்த பையை எடுக்க இடது கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள். மணிக்கட்டிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை உருவி, இரண்டு கையாலும் முடியை அள்ளி இறுக்கிக் கட்டினாள்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்? நீங்க ஓட்டுற வேகத்துக்கு பெல் அடிச்சப்புறம்தான் ஸ்கூலுக்குப் போய்ச் சேருவோம்."

பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து வண்டிப் பக்கம் போய்விட்டாள்.

"யோவ் ஊர்வலம், என்னய்யா ஆச்சு?" என்று முதலாளி கத்தினார். பைகள் மிதந்துகொண்டிருந்தன. இவர் தண்ணீரில் நின்றபடி, அவள் பிடித்த இடத்திலேயே கையை அசைக்காமல் நீட்டிக்கொண்டிருந்தார்.