ராசாவின் வரவுக்கு ஒரு மாலை

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் பலெர்மோ நகரில், வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னாலிருந்த ஒரு பழைய மாளிகையில் எனக்கு வாசற்கதவு வேலை. இலங்கையில் அரசாங்கத் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குக் கதவு திறந்து மூடுவது பெரிய இறக்கம் அல்ல. அங்கேயும் அதைத்தான் செய்தேன், பெரும்பாலும் மூடினேன்.

சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைத்த வீட்டு எசமானி, பதினெட்டாம் நூற்றாண்டு இசைநாடகம் ஒன்றை நடனங்களோடு தன் பெரிய கூடத்தில் மேடையேற்றினார். அது முடிந்ததும் விருந்தினர் எல்லோரும் அந்தக் காலத்து உடையில் ஆடுவதாக ஏற்பாடு. வேலைக்காரர்களுக்கும் மாவு பூசிய பொய்முடி. என் அறையில் கூட இருந்த மன்னார்க்காரருக்கு மேடையோரம் மெழுகுதிரி பிடிக்கும் பொறுப்பு.

அவருடைய கவலை வேறு. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைக்க, வரும் திங்கட்கிழமை சிஞ்ஞோரா குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்கு நேரில் வந்து, இவர் தன் வீட்டில் வேலை செய்பவர் என்று பொலிசாரிடம் சொல்லவேண்டும். வராவிட்டால் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடும் பேச்சே இல்லை. ஆடாமல் அசையாமல் நிற்கும்படி சொல்லித்தான் அனுப்பினேன்.

முதல் அங்கத்தில் அரசன் வேடக்காரர் பாடிக்கொண்டே உள்ளே வந்தார். மன்னார்க்காரர் மெழுகுதிரியைப் பக்கத்திலிருந்த வயலின்காரரிடம் கொடுத்துவிட்டு மேடையேறினார். அங்கிக்குள்ளிருந்து வெள்ளைப் பூமாலை ஒன்றை எடுத்து அரசனின் கழுத்தில் போட்டு, கைகூப்பிவிட்டு இறங்கினார். பாட்டு நின்றது. மெழுகுதிரியோடு இருந்தவரின் வயலின் அதற்கு முன்பே நின்றிருந்தது.

எங்கள் நாட்டுக்கூத்தில் நடிகரின் முதல் வரவின்போது அவருடைய சொந்தக்காரர் மேடையேறி மாலை போடுவார்கள். பாட்டு அதற்காகக் காத்து நிற்கும். இத்தாலியில் காத்து நிற்பதில்லை.

இடைவேளையில் படிக்கட்டில் அவரைப் பிடித்தேன்.

"என்ன ஐசே செய்தனீர்?"

"என்னண்ணை, ராசா வரவு வந்தா மாலை போடாமல் விடுறதே? கிழமை முழுக்க இஞ்சை நிண்டு பாடிப் பழகின மனுசன். அவருக்கெண்டு ஒரு சொந்தமும் வரேல்லை."

"சிஞ்ஞோரா திங்கள் வராட்டி?"

"அதைத்தான் இப்ப யோசிக்கிறன்."

"இப்பவோ!"

சிஞ்ஞோரா மன்னார்க்காரரின் முகத்தைப் பாராமலே சமையலறைக்குப் போகச் சொன்னார். மேலே எல்லோரும் ஆட, அவர் கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவினார். நான் கதவருகே நின்று, அடுத்து எந்த அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். எனக்குத் தெரியாத நடைமுறை இல்லை. ஒன்றும் உதவுவதாக இல்லை.

நடனத்தின் நடுவே, விசிறியோடு ஒரு வயதான சீமாட்டி சிஞ்ஞோராவிடம் வந்தார்.

"மாலை போட்டவனை எங்கே பிடித்தாய்? என் வீட்டிலும் இசைநாடகம் வைக்கப்போகிறேன். அனுப்பிவை."

சிஞ்ஞோரா புன்னகைத்தார். "அவர் இந்த வீட்டு ஆள். வேறெங்கும் வரமாட்டார்."

திங்கட்கிழமை நாங்கள் போனபோது, குவெஸ்தூரா வாசலில் சிஞ்ஞோரா எங்களுக்கு முன்பே நின்றார். அது இரக்கமா, சீமாட்டியை முந்தும் அவசரமா என்று நான் பல காலம் யோசித்திருக்கிறேன். மன்னார்க்காரர் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை. அனுமதி கிடைத்த அன்று ஊருக்குத் தொலைபேசி எடுத்து, மனைவியிடம் "வெளிக்கிடுங்கோ" என்றார்.