பௌட்டோ சாலையில் எங்கள் ட்ரெய்லரின் இழுதண்டு

வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் கேம்பர் ட்ரெய்லர் வாங்கலாமா என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். வாங்கலாம். ஆனால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். சென்ற குளிர்காலத்தில், இந்த நாட்டுப் பூர்வகுடிகளின் புத்தாண்டான மதாரிகி விடுமுறையோடு வந்த நீண்ட வாரயிறுதியில், ஆக்லாந்தின் ஏவன்டேலிலிருந்து பௌட்டோ முனைக்குப் போய் வந்த கதை இது. எந்த ஊரில் என்ன பார்க்கலாம் என்பதைவிட, வண்டிக்கு அடியில் என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் அதிகம் இருக்கும்.

நாங்கள் இரண்டு பேர். நான் கரூர்க்காரி, எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் கணினி வேலை. என்னோடு வருபவர் சுகந்தி அக்கா. யாழ்ப்பாணம். ஆக்லாந்தில் பதினோரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரே கட்டு முருங்கைக்கீரைக்கு இரண்டு பேரும் கை நீட்டியதில் தொடங்கிய பழக்கம். அவரிடம் யூட் என்கிற டீசல் பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. எனக்கு ஊர் சுற்றும் ஆசை இருந்தது. ஆளுக்குப் பாதி போட்டு, மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பெரியவரிடம் இந்த ட்ரெய்லரை வாங்கினோம்.

அவர் அதை ஆஸ்திரேலியாவின் உட்பாலைவனச் சாலைகளில் ஏழு வருடம் இழுத்தவர். பிறகு கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்திருக்கிறார். எல்லையில் கழுவித் துடைத்துத்தான் உள்ளே விட்டிருப்பார்கள். ஆனாலும் எங்கிருந்தோ செம்மண் தூள் வந்துகொண்டே இருந்தது. முகத்துப் பவுடர் மாதிரி மெல்லிய சிவப்பு. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் துடைப்பேன். திரும்பி வந்து பார்த்தால் முன்பக்க மூலையில் ஒரு கோடு கிடக்கும். ஆறு மாதமாக மழையிலேயே நிற்கும் வண்டிக்குள் காய்ந்த தூள் எப்படி வருகிறது என்று யோசித்ததுண்டு. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 7.10க்குக் கிளம்பினோம். ஹெலன்ஸ்வில், வெல்ஸ்ஃபோர்ட் வழியாக டார்கவில் போய்ச் சேர 10.50. நடுவில் இருபது நிமிடம் தேநீர். அக்கா எண்பதைத் தாண்டமாட்டார். ட்ரெய்லர் இழுத்தால் தொண்ணூறுதான் சட்டப்படி உச்சம், ஆனால் நம் வண்டிக்கு எண்பது போதும் என்பது அவர் கணக்கு. டார்கவில்லில் டீசல் போட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு பம்ப் கிடையாது. அங்கிருந்து தெற்கே, ஒரு பக்கம் கைப்பரா துறைமுகமும் மறுபக்கம் கடலுமாக ஒடுங்கிக்கொண்டே போகும் நிலத்தில் எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடைசிப் பகுதி சரளைக்கல். சலவைப் பலகை மாதிரி வரிவரியாகப் பள்ளம் விழுந்த சாலை அது. முப்பதில் போனாலும் பல் ஆடும். பின்னால் வருவது ஆயிரத்து நானூறு கிலோ.

முகாமுக்கு வந்தபோது மணி 1.15. ஆளுக்கு இருபது டாலர். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. காவல் பார்க்கும் பெண்மணி பணத்தை வாங்கிக்கொண்டு, மூடுபனி இறங்கினால் கடற்கரைப் பக்கம் நடக்க வேண்டாம், திசை தெரியாமல் போய்விடும் என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். பேசி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. துறைமுக வாயிலிருந்து வெள்ளையாக எழும்பி வந்தது பனி. முதலில் தண்ணீர் மறைந்தது. பிறகு வேலி. பிறகு பத்தடி தூரத்தில் நின்ற குப்பைத்தொட்டி.

நான்கு மணிக்கு ஒரு சத்தம் கேட்டது.

அக்கா அடுப்பில் சம்பலுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். கரண்டியை நிறுத்தினார்.

"மாலதி, கேட்குதோ உமக்கு?"

"என்னக்கா?"

"ஆரோ முனகுற மாதிரிக் கிடக்கு."

கேட்டது. தாழ்ந்த குரல். வாயை மூடிக்கொண்டு ஒருத்தி அழுதால் மூக்கு வழியாக வருமே, அப்படி. நின்றது. மறுபடி வந்தது. இரண்டு பேரும் வெளியே இறங்கினோம். பனிக்குள் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. அக்காதான் குனிந்து காதை வைத்துக் கண்டுபிடித்தார். சத்தம் எங்கள் ட்ரெய்லரின் முன்னால் இருந்த இழுதண்டிலிருந்து வந்தது. யூட்டோடு ட்ரெய்லரைச் சேர்க்கும் இரும்புத் தண்டு அது. நூறு மில்லிமீட்டர் சதுரக் குழாய், உள்ளே வெற்று.

"பயப்பிடாதையும். குழாய்க்குள்ள காத்துப் போகுது, அவ்வளவுதான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வேறொரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ட்ரெய்லரை முதலில் பார்க்கப் போனது நான் மட்டும். பெரியவர் எதையும் மறைக்கவில்லை. கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் மேடாக இருந்த ஒரு வளையத்தைத் தடவிக் காட்டினார். முன்பு ஒருமுறை இந்த இடத்தில் விரிசல் விட்டது, மாட்டுப் பண்ணை ஒன்றில் வெல்டிங் வைத்தேன், அதற்குப் பிறகு தொல்லை இல்லை, வேண்டுமானால் ஒரு தரம் காட்டிக்கொள்ளுங்கள் என்றார். நான் காட்டவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வேண்டாம் என்பார். நான்கு மாதமாக அலைந்து கிடைத்த வண்டி. கையில் இருந்த பணத்துக்கு வேறு வராது. வண்டி சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் வாரண்ட் சோதனையிலும் தேறியது, ஆகவே ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரவு மழை பெய்தது. காலை 7.30க்கு நான் முதலில் எழுந்து வெளியே வந்தேன். பனி அப்படியே இருந்தது. இழுதண்டுக்கு நேர் கீழே, புல் மேல், சிவப்பாகச் சொட்டியிருந்தது. ஒரு காசு அகலத்துக்கு ஏழெட்டுத் துளிகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது. முதல் கணத்தில் ரத்தம் என்றே நினைத்தேன். நாயோ முயலோ அடிபட்டு அடியில் கிடக்கிறது என்று குனிந்து பார்த்தேன். எதுவும் இல்லை. விரலால் தொட்டு முகர்ந்தேன். மண் வாசனை.

என்னவென்று புரிந்துவிட்டது. குழாய்க்குள் வருடக்கணக்காக அடைந்திருந்த செம்மண், மழைநீரில் கரைந்து வெளியே வருகிறது. வெளியே வர வழி இருக்கிறது. அந்த வழி நேற்றுவரை இவ்வளவு பெரிதாக இல்லை.

நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. பூட்ஸ் காலால் அந்தத் துளிகளைப் புல்லோடு தேய்த்து அழித்தேன். இனி ஒரே ஒருநாள், மெதுவாக வீட்டுக்குப் போய்விட்டால், நானே கடைக்கு எடுத்துப்போய்ச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிறுவரை தங்குவதாக இருந்த திட்டத்தை, பனி கலையாது, கிளம்பலாம் என்று சொல்லி மாற்றியதும் நான்தான்.

கிளம்பும்போது அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: "கீழ ஏதும் பாத்தனீரோ?"

"பார்த்தேங்க்கா. ஒண்ணும் இல்ல."

9.50க்குச் சரளைச் சாலையில் ஏறினோம். முன்விளக்கு போட்டும் இருபதடிக்கு மேல் தெரியவில்லை. வேகம் இருபத்தைந்து. அக்கா வானொலியை அணைத்துவிட்டார். நான் காதைத் தவிர வேறு எதுவாகவும் இல்லை. மூன்றாவது கிலோமீட்டரில் அந்த முனகல் தொடங்கியது. நேற்றைவிடத் தாழ்ந்திருந்தது. பள்ளத்தில் இறங்கும்போது நீண்டது, மேட்டில் ஏறும்போது அறுந்தது. பின் இருக்கையில் யாரோ இருப்பதுபோல இருந்தது. நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ஒரு மேட்டின் உச்சியில் அக்கா வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார். இதற்கு மேல் நீண்ட இறக்கம் என்று வரும்போதே கவனித்து வைத்திருந்தார்.

முற்றிலும் அமைதி. சாலையோரத்துக் கோரைப்புல்லின் ஒரு தாள்கூட அசையவில்லை. அந்த அமைதிக்குள் சத்தம் மறுபடி வந்தது. ஒரே ஒரு முறை, நீளமாக, மூச்சு தீரும்வரை.

அக்கா மெல்லிய குரலில் சொன்னார்: "காத்தே இல்லை, மாலதி. புல்லைப் பாரும்."

வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, இறங்காதீங்க. இல்ல, இறங்குங்க. ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். பெரியவர் தடவிக் காட்டிய இடம், பெயின்ட்டுக்கு அடியில் வெல்டிங், எல்லாம்.

"எப்ப தெரியும் உமக்கு?"

"வாங்குறதுக்கு முன்னாடியே."

"இண்டைக்குக் காலமை?"

"சிவப்பா சொட்டியிருந்துச்சு. காலால தேச்சு விட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, ஈரச் சரளையில் மல்லாந்து படுத்து அடியில் போனார். நீண்ட நேரம் வரவில்லை. பிறகு குரல் மட்டும் வந்தது. "இஞ்ச வாரும். வந்து பாரும்."

பார்த்தேன். பழைய வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டியே விரிசல் ஓடியிருந்தது. அடிப்பக்கம் முழுதும், இரண்டு பக்கவாட்டிலும். மேல்பக்கத் தகடு மட்டும்தான் மீதம். விரிசலுக்குள் டார்ச் வெளிச்சம் போனது. உள்ளே சிவப்பாக ஈரமாக இருந்தது, வாய்க்குள் பார்ப்பது போல. கொக்கி கழன்றாலும் ட்ரெய்லரை யூட்டோடு பிடித்துவைக்க வேண்டிய காப்புச் சங்கிலிகள் இரண்டும் எங்கே பற்றவைக்கப்பட்டிருந்தன என்று அக்கா வெளிச்சம் அடித்துக் காட்டினார். விரிசலுக்கு முன்னால், யூட் பக்கத்தில். அதாவது தண்டு முறிந்தால் சங்கிலி துண்டுத் தண்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், ட்ரெய்லரை அல்ல.

அக்கா ட்ரெய்லர் பெட்டியின் முன்பக்கத்துக்கு அடியில் ஜாக்கை வைத்துப் பாரத்தைத் தாங்கக் கொடுத்தார். நான் சக்கரங்களுக்குக் கட்டை போட்டேன். கொக்கியை விடுவித்து யூட்டை அரை மீட்டர் முன்னே நகர்த்தியதும், தாங்கல் இல்லாத தண்டின் முனை மெல்லத் தாழ்ந்தது. துணி கிழிவது போன்ற ஒலி. பிறகு டங்கென்று சரளையில் மூக்குக் குப்புற விழுந்தது. முறிந்த குழாயிலிருந்து ஒரு கைப்பிடி செம்மண் சரிந்தது.

நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கீழே இறக்கத்திலிருந்து குதிரைகள் வந்தன. சத்தமே இல்லை, பனி குளம்பொலியை விழுங்கியிருந்தது. முதலில் ஒரு வெள்ளைத் தலை, பிறகு உடல், பிறகு மேலே ஒரு சிறுமி. அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர், வரிசையாக, சாலையின் நடுவில். நாங்கள் நிறுத்தாமல் இறங்கியிருந்தால் அவர்களை எங்கே சந்தித்திருப்போம் என்று கணக்குப் போட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அக்காவும் அதைத்தான் போட்டிருக்க வேண்டும். யூட்டின் கதவைப் பிடித்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக வந்த பெண்மணிக்குப் பக்கத்திலேயே பண்ணை. எங்கள் கைபேசிகளில் சிக்னல் இல்லை. அவர் தன் வீட்டிலிருந்து டார்கவில்லுக்குப் பேசி ஒரு சுமைலாரியை வரச்சொன்னார். அது வரும்வரை அக்கா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"பஸ்ஸில நாப்பது சனத்தை ஏத்திக்கொண்டு போறன் நான். சின்னச் சத்தம் கேட்டாலும் டிப்போவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வண்டி எடுப்பன். ஓட்டுறவளுக்குச் சொல்லவேணும் மாலதி. காசு போனால் போகட்டும், வண்டி போனால் போகட்டும். ஓட்டுறவளுக்குச் சொல்லவேணும்."

சுமைலாரி 1.45க்கு வந்தது. டார்கவில்வரை 460 டாலர். புது இழுதண்டுக்கு 1,380, ஒன்பது நாள். ட்ரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பினோம். பழுது பார்த்தவரிடம் நின்றிருந்த வண்டியில் வந்த சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். ஓடிச் சூடான இரும்பு குளிரும்போது விரிசலின் விளிம்புகள் உரசியிருக்கலாம் என்றார். கொஞ்சம் யோசித்து, ஆனால் இருபத்தைந்தில் ஓடினால் அவ்வளவு சூடாகாதே என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

இனி உங்களுக்கு. பாலைவனச் சாலை கண்ட வண்டி வாங்கினால், பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், பெயின்ட்டுக்கு அடியில் பாருங்கள். வெல்டிங் மேடு, புதுக் கறுப்புப் பூச்சு, துரு கசிந்த கோடு, ஏதாவது ஒன்று இருந்தாலும் வெல்டரிடம் காட்டுங்கள். விரிசல் வெல்டிங்கில் வருவதில்லை, அதன் ஓரத்தில் வருகிறது. வாரண்ட் என்பது சோதித்த அன்றைய நிலைக்கு மட்டும்தான். வரிப்பள்ளச் சாலையில் டயர் காற்றைக் குறையுங்கள், ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கித் தண்டு, ஸ்பிரிங் வில்பட்டை, சக்கர நட்டு மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். சங்கிலி எந்த இடத்தில் பூட்டியிருக்கிறது என்பதை இன்றைக்கே போய்ப் பாருங்கள். விற்பவர் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு, உடன் வருபவரிடம் அதே மாலை படித்துக் காட்டுங்கள்.

சுகந்தி அக்கா ஆறு வாரம் என் அழைப்பை எடுக்கவில்லை. ஏழாவது வாரம் அவரே கூப்பிட்டு, லேபர் டே விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டார். போனோம். அதற்குப் பிறகும் இரண்டு முறை போய்விட்டோம். வழியில் முன்போலவே பாட்டு, சம்பல், சிரிப்பு. ஆனால் ஒவ்வொரு காலையும் கிளம்புவதற்கு முன்னால், மழையானாலும், அவர் பழைய சாக்கை விரித்து ட்ரெய்லருக்கு அடியில் போய்விடுகிறார். நாற்பது நிமிடம். நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். அவர் என்னிடம் எதையும் கேட்பதில்லை.