அந்த சீட்டில் இருப்பது போல

1. எங்கள் நிறுவனம் துபாய் ஜெபல் அலி கிடங்கிலிருந்த பழைய கணினிகளையெல்லாம் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றியது.
2. புதிதாக ஒரு மென்பொருளை நிறுவ, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டியிருந்தது. யாரும் அடிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள்.
3. கட்டளையே இல்லாமல், மவுஸால் சொடுக்கி மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் நான் ஒரு கருவி செய்தேன்.
4. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பக்கத்து மேசைப் பெண்ணும் ஒன்று செய்தாள்.
5. எது எல்லாக் கணினிகளுக்கும் போக வேண்டும் என்பதைக் கிடங்கு ஆட்களே சொல்லட்டும் என்றார் மேலாளர்.
6. அவர்கள் அவளுடையதைச் சொன்னார்கள்.

ஆறாவதை எழுதும்போது இப்போதும் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்த ஆபீஸில் நான் கூப்பிட்டால் வந்து சரிசெய்யும் ஆள். ஒன்றைச் செய்தவள் என்று பேர் வாங்க எனக்கு இருந்தது அந்தக் கருவி மட்டும்தான்.

அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வகை வகையாகப் பிரித்திருந்தேன். தேடும் கட்டம் இருந்தது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் யாருக்கும் புரியாத விளக்கத்தை எடுத்துவிட்டு, 'பார்கோடு லேபிள் அச்சிட' என்பது போல நானே ஒரு வரி எழுதினேன். நிறுவுவதற்கு முன்னால் என்னென்ன உள்ளே வரும் என்று ஒரு பட்டியல் காட்டும். வேண்டாததன் டிக்கை எடுத்துவிடலாம்.

அவளுடையதில் ஒரே ஒரு கேள்வி: 'எந்த சீட்டில் இருப்பது போல வேண்டும்?' அதன் கீழே ஆட்கள் உட்காரும் இடங்கள்: கேட், பேக்கிங், ரிட்டர்ன்ஸ், கஸ்டம்ஸ். ஒன்றைத் தொட்டால் அந்த சீட்டுக் கணினியில் உள்ளதெல்லாம் இங்கேயும் வந்துவிடும். அவ்வளவுதான்.

எங்கள் கிடங்கில் எப்போதும் யாராவது லீவில் ஊருக்குப் போயிருப்பார்கள். அந்த இடத்துக்கு வேறொருவர் வந்து உட்காருவார். அவருக்கு எந்த மென்பொருளின் பெயரும் தெரியாது. "அந்த பாய் சீட்ல இருக்கிற மாதிரி போட்டுக் குடுங்க மேடம்" என்பார். இந்த வாக்கியத்தை நான் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எது வேண்டும், பெயரைச் சொல்லுங்கள் என்று திருப்பிக் கேட்டுக்கொண்டும் இருந்தேன். அவள் வந்த புதிதில் அதே வாக்கியத்தைக் கேட்டாள், அதையே ஒரு பொத்தானாக்கிவிட்டாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்திருந்தால்கூட எனக்கு இத்தனை எரிந்திருக்காது.

இரண்டையும் முயன்று பார்த்தபின், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரரான சூப்பர்வைசர்தான் முடிவைச் சொன்னார்.

"உங்களோடது டிக்‌ஷனரி மாதிரி மேடம். எல்லாம் இருக்கு. என்ன தேடணும்னு தெரிஞ்சவனுக்குத்தானே டிக்‌ஷனரி. இந்தப் புள்ள செஞ்சதுல ஒரு தட்டு தட்டினா கலாஸ், வேலை முடிஞ்சுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த சத்வாவுக்குத் திரும்பும் கம்பெனி வேனில் ஏறும்போது அவள் எனக்கும் சேர்த்து ஒரு கரக் டீ வாங்கி வந்தாள். "கோவமாக்கா?" என்றாள். இல்லையே என்றேன். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

அதன்பின் அவளுடைய கருவியில் ஓட்டை தேடுவது எனக்கு ஒரு வழக்கமாயிற்று. தேடியதில் கிடைக்கவில்லை, தானாக வந்தது. கஸ்டம்ஸ் சீட்டில் இருந்த லாகூர்க்காரர் லீவில் போக, அவர் வேலையையும் சூப்பர்வைசரே பார்க்க வேண்டி வந்தது. தன் கணினியில் அந்த சீட்டைத் தொட்டார். மென்பொருள்களோடு லாகூர்க்காரரின் உருது விசைப்பலகை அமைப்பும் சேர்ந்தே வந்துவிட்டது. என்னைத்தான் கூப்பிட்டார்.

"நான் இங்கிலீஷ்ல அடிக்கிறேன் மேடம், அது உருதுல எழுதிக்கிட்டு வலது பக்கத்துலேருந்து ஓடியாருது. பாய் ஊருக்குப் போயும் எங்கிட்ட வேலை வாங்குறாரு."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. சரிசெய்துவிட்டு, மேலாளரும் இருந்த கூட்டத்தில் அந்தக் குறையை நிதானமாக, வரிசையாக எடுத்துச் சொன்னேன். என்ன வருகிறது என்று முன்கூட்டியே காட்டாத கருவி ஆபத்தானது என்று முடித்தேன்.

அவள் முகம் வாடும் என்று பார்த்திருந்தேன். அவள் குறித்துக்கொண்டாள். "நல்லவேளை அக்கா பார்த்தாங்க. அவங்க கருவியில இருக்கிற அந்த டிக் பட்டியலை இதுல சேர்த்துடலாமா சார்?" என்று கேட்டாள். மேலாளர் சரி என்றார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டே, சேர்க்கலாம் என்றேன்.

இப்போது அவளுடைய கருவி கிடங்கின் எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது. சீட்டைத் தொட்டதும் வரும் பட்டியலும் ஒருவரி விளக்கங்களும் நான் எழுதியவை. ஆட்கள் அதைப் 'புள்ளையோட பட்டன்' என்கிறார்கள். என்னுடையது என் கணினியில் மட்டும் இருக்கிறது, நீக்கவில்லை. மென்பொருள் போட்டுத் தரச் சொல்லி என்னை யாரும் கூப்பிடுவதில்லை.